ஊரடங்கில் மாணவர்கள் கலையில் கண்ட மகிழ்ச்சி: அது எங்கிருந்து வந்தது?

வந்த கேள்வி இதுதான்: "ஊரடங்குக் காலத்தில் மாணவர்கள் பலர் ஓவியம், இசை, நடிப்பு, விளையாட்டு என்று ஏதேதோ செய்து மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்கிறார்கள். அது உண்மையான மகிழ்ச்சியா, வெறுமனே பொழுதைக் கழித்ததா? பிள்ளைகள் மறுபடியும் வீட்டுக்குள் இருக்க நேர்ந்தால் பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும்?"

உண்மையான மகிழ்ச்சிதான். பல வருடங்களாக மாணவர்களுக்கு நாடகமும் ஓவியமும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஊரடங்கு முழுக்கத் திரை வழியாகவும் தொலைபேசியிலும் அவர்களோடு தொடர்பில் இருந்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கான காரணத்தைப் பலரும் வேறு இடத்தில் தேடுகிறார்கள். "நிறைய நேரம் கிடைத்தது, நிறையப் படம் பார்த்தார்கள், அதனால் சந்தோஷமாக இருந்தார்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில், பிள்ளைகள் தங்கள் கையால் ஒன்றைச் செய்தார்கள், அதைப் பார்க்கவோ கேட்கவோ யாரோ ஒருவர் காத்திருந்தார், மதிப்பெண் போட யாரும் இல்லை. இப்படி அமைந்த வீடுகளில்தான் பிள்ளைகளின் முகம் தெளிந்திருந்தது.

பின்னணியைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். கோவிட்-19 உலகளாவிய பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2020 மார்ச் 11 அன்று. அடுத்த சில வாரங்களில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டது. பாடம் போனதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பாடத்தோடு சேர்ந்து போன மற்றவற்றைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. ஆண்டு விழாவுக்காகப் பயிற்சி செய்த நாடகம் மேடை ஏறவில்லை. சேர்ந்து பாடிய குழு கலைந்தது. வகுப்பின் கடைசி வரிசையில் நோட்டின் ஓரத்தில் படம் வரைந்து பக்கத்தில் இருப்பவனைச் சிரிக்க வைத்தவனுக்கு அந்தப் பக்கத்து ஆள் இல்லாமல் போனான். மாணவர்களின் கலை வாழ்க்கையில் பாதி இப்படித் திட்டமில்லாமல் நடப்பதுதான். அந்தப் பாதியை வீட்டுக்குள் எப்படி மீட்டெடுப்பது என்பதுதான் அன்று அவர்கள் முன் இருந்த சவால்.

முதலில், பார்ப்பது. அதற்குப் பஞ்சமே இருக்கவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா என்ற இசைநாடக அரங்கு 2020 மார்ச் 16 முதல் ஒவ்வொரு இரவும் ஒரு பழைய நிகழ்ச்சிப் பதிவை இலவசமாக ஒளிபரப்பியது. லண்டனின் நேஷனல் தியேட்டர் ஏப்ரல் 2-இல் தொடங்கி வியாழக்கிழமைதோறும் ஒரு நாடகத்தை யூடியூபில் வெளியிட்டு ஒரு வாரம் வைத்திருந்தது. அருங்காட்சியகங்கள் தங்கள் கூடங்களை இணையத்தில் சுற்றிப்பார்க்கும்படி திறந்து வைத்தன. சாதாரண நாளில் டிக்கெட் வாங்கி ஒருபோதும் பார்த்திருக்க முடியாத மாணவர்களுக்கு இதெல்லாம் பெரிய வரம்.

ஆனாலும் பார்ப்பதால் வரும் மகிழ்ச்சிக்கு ஓர் எல்லை இருக்கிறது. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர்கள் ராபர்ட் குபேயும் மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் ஆட்களிடம் பீப்பர் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். நாளில் பல தடவை, எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். ஒலித்ததும் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், மனம் எப்படி இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். அந்த ஆய்வுகளை 1990-இல் தொகுத்து வெளியிட்டார்கள். தொலைக்காட்சி பார்க்கும்போது மனமும் உடலும் தளர்ந்து இதமாக இருக்கின்றன. பெட்டியை அணைத்ததும் அந்த இதம் போய்விடுகிறது, சோர்வு மட்டும் தங்கிவிடுகிறது. விளையாட்டிலோ பிடித்த பொழுதுபோக்கு வேலையிலோ ஈடுபட்டவர்களிடம் இதற்கு நேர்மாறாக, முடித்த பிறகும் மனம் உற்சாகமாகவே இருந்தது. ஊரடங்கில் ஒரே மூச்சாகத் தொடரின் பத்துப் பகுதிகளைப் பார்த்து முடித்த மாணவர்கள் "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்னமோ மாதிரி இருக்கு" என்று சொன்னதை நினைக்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

அதற்காகப் படம் பார்க்காதே என்று சொல்ல மாட்டேன். பார்ப்பதை எப்போது, யாரோடு என்பதில் விஷயம் இருக்கிறது. மேலே சொன்ன வியாழக்கிழமை நாடகம் அவ்வளவு பேரை ஈர்த்ததற்கு, இலவசம் என்பது மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை என்ற நாளும் ஒரு காரணம். எல்லா நாளும் ஒன்றுபோல உருண்டுகொண்டிருந்த காலத்தில், "அன்று மாலை ஒன்று இருக்கிறது" என்ற எதிர்பார்ப்பு வாரத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தது. மாணவர்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். நண்பர்கள் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் ஒரே படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் அரட்டைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இதற்கென்றே பிரவுசர் நீட்சிகள் பிரபலமாயின. படம் சுமாராக இருந்தால் இன்னும் நல்லது, பேச நிறையக் கிடைக்கும்.

அப்புறம், செய்வது. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் மாதக் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகம் மக்களுக்கு ஓர் அறைகூவல் விட்டது. உங்களுக்குப் பிடித்த ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், வீட்டில் கிடக்கிற மூன்று பொருள்களை எடுங்கள், அந்த ஓவியத்தை மறுபடி உருவாக்கிப் படம் எடுத்து அனுப்புங்கள். இந்த யோசனை அவர்களுக்கு நெதர்லாந்தில் இயங்கிய ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து கிடைத்தது. உலகெங்கிலுமிருந்து படங்கள் குவிந்தன. துண்டைத் தலையில் சுற்றிப் பழைய ஐரோப்பியச் சீமாட்டி ஆனவர்கள், கழிப்பறைக் காகிதச் சுருளைக் கழுத்துப்பட்டையாக மாட்டிக்கொண்டவர்கள், தாத்தா பாட்டியை உட்காரவைத்து முழுக் குடும்ப ஓவியத்தை எடுத்தவர்கள் என்று எத்தனையோ வகை.

இதைப் பலர் வேடிக்கையாகப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கலை சொல்லிக்கொடுப்பவளாக எனக்கு அது மிக நல்ல பாடத்திட்டம் என்று தோன்றியது. காரணம் சொல்கிறேன். ஓர் ஓவியத்தின் முன் சாதாரணமாக ஒரு மாணவர் சில விநாடிகள் நிற்பார், நகர்ந்துவிடுவார். அதையே தன் உடம்பால் நடித்துக் காட்ட வேண்டும் என்றால், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, கழுத்து எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, இடது கை எதைப் பிடித்திருக்கிறது, பின்னணி ஏன் இவ்வளவு இருட்டு என்று அரைமணி நேரம் உற்றுப் பார்த்தாக வேண்டும். ஜன்னல் பக்கம் போய் நின்று வெளிச்சத்தைச் சரி செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி அசையாமல் நிற்க வைக்க வேண்டும். பார்ப்பது, செய்வது, சேர்ந்து செய்வது மூன்றும் ஒரே வேலையில் வந்துவிட்டன. மூன்றே பொருள் என்ற கட்டுப்பாடும் முக்கியம். "எதை வேண்டுமானாலும் வரை" என்றால் பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைத் தாளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "இந்த மூன்றை வைத்து ஏதாவது செய்" என்றால் கை தானாக நகரும்.

இதே காரணத்தால்தான் கைப்பேசியில் எடுக்கும் ஸ்டாப்மோஷன் குறும்படங்கள் மாணவர்களை அப்படி இழுத்துக்கொண்டன. ஒரு பொம்மையையோ காகிதத் துண்டையோ வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் நகர்த்த வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். விநாடிக்கு 12 படங்கள் என்று வைத்துக்கொண்டால் பத்து விநாடிக் காட்சிக்கு 120 படங்கள் தேவை. கேமரா துளியும் அசையக்கூடாது என்பதால் புத்தகங்களை அடுக்கி நடுவில் கைப்பேசியைச் செருகி வைப்பார்கள். ஜன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தால் படம் மின்னி மின்னித் தெரியும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொள்வார்கள், திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு மேசை விளக்கைக் கொண்டுவருவார்கள். ஒரு மதியம் முழுவதும் போய்விடும். பத்து விநாடிப் படத்தை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவார்கள். அலைபேசியையே வைத்திருந்தாலும், விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த மதியத்துக்கும் இந்த மதியத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்! திரையில் கழித்த நேரத்தை மணிக்கணக்கில் மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த அளவுகோல் போதாது என்று பெற்றோர்களிடம் விடாமல் சொல்லிவந்தேன்.

"எனக்கு வரையவே வராதே" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 39 பெரியவர்களுக்குக் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்பட வேலைக்கான பொருள்கள் கொடுத்து 45 நிமிடம் விருப்பப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்பும் பின்பும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, முன் அனுபவம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது. சின்ன ஆய்வுதான், பங்கேற்றவர்கள் மாணவர்கள் மட்டும் இல்லைதான். ஆனால் நான் வகுப்பில் காண்பதோடு அது அப்படியே ஒத்துப்போகிறது.

இசையில் மாணவர்கள் பட்ட பாடு தனி. வீடியோ அழைப்பில் சேர்ந்து பாடிப் பார்த்த எல்லோருக்கும் தெரியும், அது கந்தரகோளமாகத்தான் முடியும். ஒருவர் குரல் அடுத்தவரைச் சேர ஆகும் தாமதம்தான் காரணம். இருவர் சேர்ந்து தாளம் தவறாமல் வாசிக்க அந்தத் தாமதம் சுமார் 25 முதல் 30 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். காற்றில் ஒலி ஏறத்தாழ பத்து மீட்டர் போக ஆகும் நேரம் அது, அதாவது ஒரு மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் இதைப்போலப் பல மடங்கு. போதாததற்கு, பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி நீட்டிப் பிடித்த ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும். அழைப்பின் ஒலி அமைப்புகளில் இந்த வடிகட்டலை அணைத்துவிட்டால் தனியாகப் பாடிக் காட்டுவதாவது நன்றாகக் கேட்கும். ஜாமுலஸ், ஜாக்ட்ரிப் போன்ற இலவச மென்பொருள்கள் தாமதத்தைக் குறைக்கும்; ஆனால் கம்பி வழி இணையம் வேண்டும், வாசிப்பவர்கள் ரொம்பத் தொலைவில் இருக்கக்கூடாது.

பெரும்பாலான மாணவர்கள் எடுத்த வழி வேறு. ஒரு வழிகாட்டி இசைப்பதிவை இயர்போனில் கேட்டுக்கொண்டு, அவரவர் வீட்டில் தன் பகுதியை மட்டும் பாடிப் பதிவு செய்வது, பிறகு ஒருவர் எல்லாவற்றையும் அடுக்கிச் சேர்ப்பது. இந்த முறையை அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010-இலேயே 185 குரல்களோடு செய்து காட்டியிருந்தார். 2020-இல் அவர் மறுபடி அழைத்தபோது 129 நாடுகளிலிருந்து 17,572 பேர் பாடி அனுப்பினார்கள். சின்ன அளவில் அதையே எத்தனையோ பள்ளிக் குழுக்கள் செய்தன. இதில் ஒரு சங்கடம் உண்டு. குழுவில் நிற்கும்போது பக்கத்துக் குரலில் சாய்ந்துகொள்ளலாம். தனியே ஓர் அறையில் தன் குரலை மட்டும் கேட்பது பலருக்கும் கூச்சமாக இருந்தது, சிலருக்கு வேதனையாகவே இருந்தது. அவர்களிடம் பதிவைத் திரும்பக் கேட்காமலே அனுப்பிவிடச் சொன்னேன். கடைசியில் எல்லாக் குரலும் சேர்ந்து ஒலித்ததைக் கேட்டபோது, அதுவரை அவ்வளவு தயங்கிய பிள்ளைகள்தான் அழுதார்கள்.

திரையில் தன் முகமே தனக்குத் தெரிந்துகொண்டிருப்பதும் இந்தக் கூச்சத்தை வளர்க்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வீடியோ அழைப்புச் சோர்வுக்கு எடுத்துவைத்த நான்கு காரணங்களில் அதுவும் ஒன்று. நடிப்புப் பயிற்சியிலும் பாட்டுப் பயிற்சியிலும் தன் படத்தை மறைக்கும் வசதியை முதலில் அழுத்தச் சொல்லுங்கள். இவ்வளவு சிறிய மாற்றத்தில் பதின்வயதுப் பிள்ளைகளின் குரல் எப்படித் திறக்கிறது என்று பார்ப்பீர்கள்.

வீடியோ கேம்களைக் கலையோடு சேர்த்துப் பேசக்கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. நான் சேர்த்துத்தான் பேசுவேன். 2020 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் வளாகத்தை, கட்டைகளை அடுக்கி எதையும் கட்டக்கூடிய மைன்கிராஃப்ட் என்ற கேமுக்குள் கட்டையாகக் கட்டையாக எழுப்பி, அதிலேயே பட்டமளிப்பு விழா நடத்தினார்கள். நடந்து பழகிய இடத்தை நினைவிலிருந்து மறுபடி கட்டுவது கட்டடக்கலை, அரங்க அமைப்பு எல்லாம் கலந்த வேலை. 2018-இல் வெளியாகி அவ்வளவாக யாரும் கவனிக்காத அமங் அஸ் என்ற கேம் 2020-இல் திடீரென்று எல்லா மாணவர்கள் கையிலும் இருந்தது. அதன் சுவை முழுக்கப் பேச்சில் இருக்கிறது. யார் பொய் சொல்கிறார்கள், யார் மழுப்புகிறார்கள் என்று நண்பர்கள் வாதாடுவது. உலக சுகாதார நிறுவனம் கேம் அடிமைத்தனத்தை 2019-இல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது, அதே நிறுவனம் 2020-இல் விலகியிருந்தபடியே சேர்ந்து விளையாடுங்கள் என்ற பிரசாரத்தையும் ஆதரித்தது. இரண்டும் முரண்பாடாக எனக்குத் தோன்றவில்லை. நண்பர்களோடு சிரித்துக்கொண்டு விளையாடுகிற பிள்ளையையும், எல்லோரையும் தவிர்ப்பதற்காக இரவெல்லாம் தனியே விளையாடுகிற பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

சரி, மகிழ்ச்சியைக் கெடுத்தது எது? நல்ல எண்ணம் கொண்ட பெரியவர்கள்தான் என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகள் சும்மா வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் இணையவழிப் போட்டி, பங்கேற்புச் சான்றிதழ், தினமும் ஒன்று பதிவேற்ற வேண்டும் என்ற இலக்கு, அதற்கு எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்ற கணக்கு எல்லாம் வந்துவிட்டன. இதன் விளைவு 1973-லேயே தெளிவாகத் தெரிந்த ஒன்று. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, யாரும் சொல்லாமல் பிள்ளைகள் தாமாக எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்த ஒன்று அவர்களுக்கு வேலையாக மாறிவிட்டது.

எதிர்பாராமல் பரிசு கிடைத்த குழந்தைகளுக்கு இப்படி ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள். பாராட்டுவதில் தவறில்லை. பாராட்டை முன்னால் தொங்கவிடுவதில்தான் தவறு. "எத்தனை மார்க் வரும் இதுக்கு?" என்று கேட்பதைவிட "இந்த மூலையில ஏன் இவ்வளவு நீலம்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதிக்கு இணையம் வேண்டும். அது எல்லோருக்கும் இருந்ததாக நினைத்துப் பேசுவது அநியாயம். யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020 இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 3 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை. இருந்த பல வீடுகளிலும் ஒரே ஒரு கைப்பேசி, அதற்கு மூன்று பிள்ளைகள் போட்டி. இந்த மாணவர்களோடு வேலை செய்தபோது எனக்கு மிக உதவியது வானொலி நாடகம் என்ற பழைய வடிவம். குரலும் ஓசையும் மட்டும் போதும். மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கசக்கினால் நெருப்பு எரியும், உலோகத் தகட்டை உலுக்கினால் இடி இடிக்கும், மேசையில் விரல் தட்டினால் யாரோ படியேறி வருவார்கள். வசனத்தைச் சாதாரணத் தொலைபேசி அழைப்பில் சேர்ந்தே எழுதலாம். ஒருவர் ஒரு பத்தி சொல்ல அடுத்தவர் மறுநாள் தொடர்கிற கதைச் சங்கிலிக்கு அதுகூட வேண்டாம், ஒரு நோட்டு வீட்டுக்குள்ளேயே கைமாறினால் போதும். ஒரு நோட்டின் ஓரங்களில் சிறு சிறு மாற்றத்தோடு படம் வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டினால் அசையும் படமாகிவிடும்.

மறுபடி அப்படியொரு காலம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, என் பதில் சுருக்கமானது. வாரத்தில் ஒரு மாலையை நிச்சயம் செய்யுங்கள், அந்த மாலையில் பிள்ளை எதைச் செய்திருந்தாலும் பார்க்கவோ கேட்கவோ ஓர் ஆள் இருக்கட்டும். நண்பனாக இருந்தால் மிக நல்லது. தாளும் பென்சிலும் கத்தரிக்கோலும் பசையும் எடுக்க எளிதான இடத்தில் கிடக்கட்டும், குப்பை சேர்ந்தால் திட்டாதீர்கள். முடிக்காமல் விட்டதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எதிலும் ஒட்டாத பிள்ளைகளும் இருப்பார்கள். ஊரடங்கில் பலர் வீட்டில் நோயையும் இழப்பையும் பார்த்தார்கள், வருமானம் நின்றதைப் பார்த்தார்கள். அவர்களிடம் போய் "ஏதாவது வரையேன், மனசு லேசாகும்" என்று தள்ளக்கூடாது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்காக ஏதாவது வரையுங்கள் அல்லது பாட்டுக் கேளுங்கள், வந்தால் வரட்டும். ஆனால் முன்பு உயிராக நேசித்த பாட்டோ விளையாட்டோ இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பிள்ளைக்குச் சுவைக்காமல் போய், தூக்கமும் பசியும்கூட மாறியிருந்தால், அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள்.